ஒரு முழத்துக்கு அப்பால் தொடங்கும் தெளிவு: நிலைக்குவிய நீரடிக் கேமரா மதிப்பீடு

முதல் முக்குளிப்பில் நான் எடுத்த படங்களில் கோமாளி மீன்கள் எல்லாம் மங்கலாகவும், அவற்றின் பின்னாலிருந்த பாறை மட்டும் துல்லியமாகவும் பதிவாகியிருந்ததைக் கண்டபோது, புதிய கேமராவில் ஏதோ பழுது இருக்கிறது என்றே எண்ணினேன். கேமரா நன்றாகவே இருந்தது. அதன் லென்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதை அறியாமல் நான்தான் மீனை மிகவும் நெருங்கியிருந்தேன்.

தொடக்கநிலையினருக்கான சிறிய நீரடிக் கேமராக்கள் பலவற்றில் இருப்பது நிலைக்குவிய லென்ஸ். குவியம் தொழிற்சாலையிலேயே ஒரு தொலைவில் பொருத்தப்பட்டுவிடுவதால், படம் எடுக்கும்போது அதில் எதுவும் நகர்வதில்லை. சென்சார் மிகச் சிறியதாகவும் லென்ஸின் குவியத் தூரம் சில மில்லிமீட்டர் மட்டுமாகவும் இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது. 3 மி.மீ. குவியத் தூரமும் எஃப் 2.8 துளையும் (ஒளி நுழையும் திறப்பின் அளவு) கொண்ட லென்ஸை ஏறத்தாழ 65 செ.மீ. தொலைவில் குவித்து வைத்தால், அதில் பாதித் தொலைவிலிருந்து முடிவிலி வரை எல்லாமே ஓரளவு தெளிவாக விழும். அந்தப் பாதிக்கும் உள்ளே வரும் பொருளை எந்த அமைப்பாலும் தெளிவாக்க முடியாது.

என் கேமராவின் கையேடு அந்த எல்லையை 40 செ.மீ. என்கிறது. நீச்சல் குளத்தில் எழுத்துகள் அச்சிட்ட பலகையை வைத்து, அளவுநாடாவால் அளந்து சோதித்தபோது, 50 செ.மீ.யைத் தாண்டிய பிறகே எழுத்துகள் தெளிந்தன. நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், கேமராவின் முன்னுள்ள தட்டையான கண்ணாடி வழியாகப் பார்க்கும் எந்தப் பொருளும் உண்மைத் தொலைவில் முக்கால் பங்கில் இருப்பதாகவே லென்ஸுக்குத் தோன்றுகிறது. ஆகவே காற்றில் 40 செ.மீ. என்பது நீருக்குள் சுமார் 53 செ.மீ. ஆகிவிடுகிறது. லென்ஸிலிருந்து ஒரு முழத்துக்கும் சற்று அதிகம் என்று நினைவில் கொண்டால் போதும். இதே ஒளிவிலகலால் பார்வைக் கோணமும் சுருங்குகிறது. காற்றில் 90 பாகை காட்டும் லென்ஸ் நீரில் 64 பாகை அளவே காட்டும்.

முன்கண்ணாடி வளைவாக இருந்தால் கதை வேறு. சிறிய சாகசக் கேமராக்களுக்குப் பெயர்பெற்ற கோப்ரோ நிறுவனத்தின் தொடக்ககாலக் கேமராக்களுடன் வந்த நீர்புகா உறைகளில் அது வளைவாக இருந்ததால் நீரடிப் படங்கள் மங்கின. பிறகு தட்டைக் கண்ணாடி கொண்ட உறை வந்தது. வளைந்த கண்ணாடி பொருளின் தோற்றத்தை மிக அருகில் கொண்டுவந்துவிடும்; குவியத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் அதற்கேற்ப நகர்ந்துகொள்ளும், நிலைக்குவிய லென்ஸால் அது இயலாது.

‘முடிவிலி வரை தெளிவு’ என்ற விளம்பர வரியை நான் பொருட்படுத்துவதில்லை. ஒன்றரை மீட்டருக்கு அப்பால், லென்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இடையிலுள்ள நீரும் அதில் மிதக்கும் துகள்களும் படத்தை வெளுக்கச் செய்துவிடுகின்றன. சிவப்பு நிறம் முதலில் மறைகிறது. எனவே இந்தக் கேமராவை உண்மையில் பயன்படுத்தக்கூடிய இடைவெளி அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரைதான், அந்த இடைவெளிக்குள் அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்திருக்கிறது. ஆமை, திருக்கை, உடன் நீந்தும் நண்பர் ஆகியோரை அழுத்திய கணத்திலேயே பதிவு செய்கிறது. மங்கிய ஒளியில் ஆட்டோஃபோகஸ் கேமராக்கள் குவியத்தைத் தேடி முன்னும் பின்னும் தடுமாறும் அந்த நொடிகள் இதில் இல்லை.

கடற்குதிரை போன்ற சிற்றுயிர்களே உங்கள் விருப்பமென்றால் இதை வாங்க வேண்டாம். நீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றக்கூடிய அண்மைப்பட லென்ஸ் சில மாதிரிகளுக்குக் கிடைக்கிறது என்றாலும், அதை மாட்டியதும் தெளிவாக விழும் பகுதி சில சென்டிமீட்டராகக் குறுகிவிடுவதால், அலை அசைவில் அந்தத் தொலைவைக் காப்பது தொடக்கநிலையினருக்குக் கடினம். டிஜிட்டல் ஜூம் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

சிறிய திரையில் மங்கலான படமும் தெளிவாகவே தோன்றும் என்பதால், ஒவ்வொரு முக்குளிப்பிலும் முதல் படத்தைத் திரையில் பெரிதாக்கி, மீனின் கண் கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இப்போது நான் அடுத்ததை எடுக்கிறேன். பெரும்பாலும் ஒரு சாண் பின்வாங்க வேண்டியிருக்கிறது.