புல்கே சுவைப் பயணம்: பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

மெக்சிகோ நகரத்துக்கு வருகிறவர்களின் கவனத்துக்கு. புல்கே என்பது கற்றாழைச் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் இந்த ஊர் மது. ‘ஒருநாள் புல்கே பயணம்’ என்று விடுதி வரவேற்பறையில் ஓர் அட்டையையோ கைப்பேசியில் ஒரு விளம்பரத்தையோ பார்த்தால், கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பாவையும் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு, ஆளுக்கு 1,450 பேசோ கட்டிப் போய், பகல் முழுவதும் வெயிலில் அலைந்து, நல்ல புல்கே ஒரு வாய்கூடக் குடிக்காமல் திரும்பினோம். போன பணம் போகட்டும். எழுபதைத் தாண்டிய இருவரை இப்படி அலைக்கழித்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த வேலையைப் பலரும் ஒரே பாணியில் செய்வதால், ஒரு பெயரைச் சொல்வதைவிட அந்தப் பாணியை விவரமாகச் சொல்வதுதான் உங்களுக்கு உதவும்.

பயணத்தை நடத்தியவர்கள் எங்களுக்கு வாக்களித்தது இது: நகரத்துக்கு வெளியே அபான் சமவெளியில் மகேய் கற்றாழைத் தோட்டம், ட்லாச்சிகேரோ எனப்படும் சாறு இறக்குபவர் சாறு எடுப்பதை நேரில் பார்ப்பது, பழைய பண்ணை ஒன்றின் தினகால் எனப்படும் புளிக்கவைக்கும் கொட்டகையில் ஐந்து வகைப் புல்கே, கிராமத்துச் சாப்பாடு. மது தொடாத பெரியம்மாவுக்கு அகுவாமியேல் என்ற புளிக்காத சாறு. எல்லாம் எழுத்தில் இருக்கிறது, என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

புல்கே பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்திருந்தால்தான் எந்த இடத்தில் ஏமாற்றுகிறார்கள் என்பது புரியும். மகேய் என்பது ஆள் உயரத்துக்கும் மேல் வளரும் கற்றாழை. அது பக்குவத்துக்கு வர ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்தண்டு கிளம்பப்போகும் தருணம் பார்த்து நடுக்குருத்தை வெட்டி எடுத்து, அந்த இடத்தைக் குழியாகக் குடைந்துவிடுவார்கள். பூவுக்காகச் செடி சேர்த்துவைத்த இனிப்பெல்லாம் அந்தக் குழியில் ஊறும். அதுதான் அகுவாமியேல். காலையும் மாலையும் சாற்றை எடுத்துவிட்டு, குழியின் உட்புறத்தைச் சுரண்டிவிட வேண்டும். சுரண்டாவிட்டால் ஊற்று அடைந்துபோகும். சில மாதங்கள் சுரந்துவிட்டுச் செடி செத்துப்போகும். எடுத்த சாற்றைத் தினகால் என்ற கொட்டகையில், ஏற்கெனவே புளித்ததோடு சேர்த்துத் தொட்டியில் விடுவார்கள். ஈஸ்டும் பாக்டீரியாக்களும் சேர்ந்து வேலை செய்து, வெள்ளையாக, கொழகொழவென்று, நாலிலிருந்து ஏழு சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பானமாக்கிவிடும். புளிப்பு அதோடு நிற்காது, ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் நல்ல புல்கே நெடுந்தூரம் போகாது. 1873-ல் மெக்சிகோ நகரத்தையும் வெராக்ரூஸையும் இணைத்த ரயில் பாதை அபான் வழியாகப் போனது. அன்றன்றைய புல்கே அன்றன்றே தலைநகரத்துக்குப் போய்ச் சேர, அந்தச் சமவெளியின் பண்ணை முதலாளிகள் பெரும் பணக்காரர்களானார்கள்.

எங்களை ஏழு மணிக்கு அழைத்துப்போவதாகச் சொன்ன வேன் ஒன்பதரைக்கு வந்தது. மற்ற விடுதிகளில் ஆள் ஏற்றிக்கொண்டு ஊரைத் தாண்டவே பத்தரை ஆயிற்று. வேன் அபான் பக்கம் திரும்பவே இல்லை. தியோத்திவாக்கான் பிரமிடுகளுக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய கடையின் முற்றத்தில் போய் நின்றது. பண்ணையில் ஏதோ திருவிழா, இன்று திறக்கவில்லை, இங்கேயே எல்லாவற்றையும் பார்க்கலாம் என்றார் வழிகாட்டி. அதை அவர் சொன்ன வேகத்தைப் பார்த்தால் அன்றைக்குத்தான் முதல்முறை சொல்கிறார் என்று தோன்றவில்லை.

பெரியப்பா உடன்குடிப் பக்கத்துக்காரர். பனையேறிகளுக்கு நடுவே வளர்ந்தவர். மணியைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, “உச்சி வெயிலில் எந்த ஊரில் தம்பி சாறு இறக்குவார்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

முற்றத்தின் நடுவே சிமென்ட் கட்டி, அதற்குள் ஒரு மகேய். இலைகளின் நுனி காய்ந்து சுருண்டிருந்தது. நடுவிலிருந்த குழியை எட்டிப் பார்த்தேன். விளிம்பு மரப்பட்டை போலக் கறுத்து வெடித்திருந்தது. அன்றாடம் சுரண்டப்படும் குழியின் உட்புறம் வெள்ளையாக, ஈரம் மினுங்கும்படி இருக்க வேண்டும். இது சுரப்பு நின்று எத்தனையோ காலமாகிவிட்ட செடி. கடைப்பையன் ஒருவன் பின்பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அதிலிருந்ததைக் குழிக்குள் ஊற்றிவிட்டுப் போனான். இரண்டு நிமிடத்தில் எம்பிராய்டரிச் சட்டையும் ஓலைத்தொப்பியும் போட்ட ஒருவர் அகோகோத்தே எனப்படும் நீண்ட சுரைக்குடுவையோடு வந்தார். அதன் ஒரு முனையைக் குழியில் வைத்து, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சிக் காட்டினார். எல்லாரும் படம் எடுத்தார்கள். குடுவையில் ஏறியதை அவர் எந்தப் பாத்திரத்திலும் விடவில்லை. மறுபடி குழியிலேயே விட்டுவிட்டார், அடுத்த வேனுக்காக.

பெரியம்மாவுக்கு அகுவாமியேல் என்று கொடுத்தது பழுப்பு நிறத்தில் இருந்தது. கடைகளில் பாட்டிலில் விற்கும் கற்றாழைப் பாகைத் தண்ணீரில் கரைத்தது அது. அசல் சாறு லேசாக மங்கிய நீர் போல இருக்கும். பச்சை வாசம் அடிக்கும். எங்களுக்கு வந்த ‘ஐந்து வகைப் புல்கே’ இருமல் மருந்து அளவுள்ள பிளாஸ்டிக் கிண்ணங்களில் வந்தது. இயற்கையானது என்று கொடுத்ததில் தண்ணீர் கலந்திருந்தது. கொழகொழப்பு துளியும் இல்லை, அடியில் வினிகர் வாடை. மற்ற நான்கும் பழமோ வேறு ருசியோ கலந்த குராதோ வகை என்றார்கள். ஸ்ட்ராபெரி, கொய்யா, ஓட்ஸ், பைன் கொட்டை. நாலிலும் டப்பாப் பாலின் இனிப்பும் சாயமும்தான் இருந்தன. கொய்யாவில் ஒரு விதை கிடையாது, திப்பி கிடையாது. கெட்டுப்போன புல்கேயின் புளிப்பைச் சர்க்கரையால் மூடுவது பழைய தந்திரம். எங்கள் வேனில் வந்த ஓர் இளைஞர் திரும்பும் வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார்.

எனக்கு மிகவும் ஆத்திரமூட்டியது வழிகாட்டி சொன்ன கதைதான். புளிக்கவைப்பதற்காகச் சாணத்தைத் துணியில் கட்டித் தொட்டிக்குள் போடுவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். புல்கேயைப் பற்றிய பழைய அவதூறு இது. பீர் வியாபாரம் காலூன்றிய காலத்தில் புல்கேயை அழுக்கு என்று காட்டுவதற்காகப் பரப்பியது என்று இங்கே பெரியவர்கள் மனம் நொந்து சொல்வார்கள். புல்கேயைக் காட்டிப் பணம் வாங்குகிற ஒருவரே, அதை வடிக்கிறவர்கள் மேல் இந்தச் சேற்றை வீசுகிறார். கேட்ட வெளிநாட்டினர் முகத்தைச் சுளித்தார்கள். அவர்கள் இனிமேல் எந்தப் புல்கேரியாவுக்குள், அதாவது புல்கே விற்கும் கடைக்குள், போவார்கள்?

பிறகு கடை. புல்கேக்கு ஒதுக்கியது இருபது நிமிடம் இருக்கும். அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடிக் கல் பொம்மைகளுக்கும், கற்றாழையிலிருந்து காய்ச்சி வடிக்கும் மெஸ்கால் மது பாட்டில்களுக்கும் வெள்ளி நகைகளுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல். வெள்ளி என்று சொல்லிப் பெரியம்மாவிடம் விற்ற வளையலில் வெள்ளியின் தரத்தைக் காட்டும் 925 முத்திரை இல்லை. கார்டு இயந்திரத்தில் பேசோவா ரூபாயா என்ற கேள்வி வந்தபோது விற்பனைப் பெண் தானே ரூபாயை அழுத்திவிட்டார். அப்படிச் செய்தால் மாற்று விகிதத்தை அவர்கள் தரப்பு நிறுவனம் முடிவு செய்யும், நமக்குக் கூடுதலாகப் பிடிப்பார்கள். எந்த இயந்திரத்திலும் பேசோவையே தேர்ந்தெடுங்கள், பொத்தானை நீங்களே அழுத்துங்கள்.

மாலையில் பயண நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போன் செய்து பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “சுவைத்தீர்கள் அல்லவா, சேவை முடிந்துவிட்டது” என்றார்கள். நிரலை மாற்றும் உரிமை தங்களுக்கு உண்டு என்று ரசீதின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள்.

பெரியப்பா ஊர் திரும்புவதற்குள் அசலைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். என்னோடு வேலை செய்பவர் ஒருவரின் சொந்த ஊர் ட்லாஸ்காலா மாநிலத்தில் இருக்கிறது. அவர் ஏற்பாட்டில் விடியுமுன் போய்ச் சேர்ந்தோம். பற்கள் தந்தியடிக்கும் குளிர். ட்லாச்சிகேரோ கழுதையோடு எங்களுக்கு முன்பே தோட்டத்தில் இருந்தார். குழியின் மேலிருந்த கல்லைத் தூக்கினார், மடித்து மூடியிருந்த இலையை விலக்கினார். இரவெல்லாம் ஊறிய சாறு விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது, அதில் இரண்டு தேனீக்கள் மிதந்தன. அகோகோத்தேயால் உறிஞ்சி, நுனியை விரலால் அடைத்து, கழுதைமேல் இருந்த கேனில் விட்டார். பின் வளைந்த இரும்புச் சுரண்டியைக் குழிக்குள் விட்டு ஒரே சீராகச் சுற்றினார். தாள் கனத்துக்கு ஒரு படலம் வெள்ளையாகச் சுருண்டு வந்தது. அதை வழித்துத் தனியே போட்டார், மாட்டுக்குத் தீனியாம். மறுபடி இலை, மறுபடி கல். பெரியப்பா அருகில் குந்தி உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். “பாளை சீவுகிற அதே கை” என்றார்.

தினகாலில் குடித்த புல்கே கிண்ணத்திலிருந்து உதட்டுக்கு வரும்போது நூல் போல இழுத்தது. மோரின் புளிப்பும், பின்னால் மெல்லிய இனிப்பும். அந்த வீட்டார் கேட்ட விலை, எங்கள் வேன் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நெடுஞ்சாலைக் கடைகளில் தங்கள் ஊர் பெயரைச் சொல்லி விற்பது தெரியும் என்றும், தங்களிடம் ஒரு லிட்டர்கூட வாங்குவதில்லை என்றும் அந்த அம்மா சொன்னார். பத்து வருடம் ஒரு செடியைக் காத்திருந்து வளர்க்கிற குடும்பத்துக்குப் போக வேண்டிய காசு நெடுஞ்சாலை முற்றத்திலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே பணம் கட்டுமுன் மூன்றே கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எந்த ஊரில், யாருடைய தினகால்? சாறு எடுப்பதை எத்தனை மணிக்குக் காட்டுவீர்கள்? வழியில் எந்தக் கடையில் நிற்பீர்கள்? நேர்மையாக நடத்துகிறவர் முதல் கேள்விக்கு ஊர் பெயரோடு உடனே பதில் சொல்லிவிடுவார். அதிகாலை அல்லது பிற்பகல் கடந்த நேரத்தைச் சொல்லாமல், நண்பகலைச் சொன்னால் விட்டுவிடுங்கள். சுற்றுலாத் துறை வழங்கும் அடையாள அட்டை வழிகாட்டியிடம் இருக்க வேண்டும். நிறுவனத்துக்குத் தேசிய சுற்றுலாப் பதிவேட்டு எண் இருக்க வேண்டும். இரண்டையும் காட்டச் சொல்லுங்கள்.

சாறு எடுப்பதைப் பார்க்க நேரமில்லை, குடித்துப் பார்த்தால் போதும் என்பவர்களுக்குச் சுற்றுலாவே தேவையில்லை. நகர மையத்தில் சான் ஹுவான் சந்தைக்குப் பக்கத்தில் அராந்தா தெருவில் லாஸ் துவேலிஸ்தாஸ் என்ற பழைய புல்கேரியா இருக்கிறது. மாலைக் கூட்டம் சேருமுன் போங்கள். முதலில் பழம் கலக்காததைக் கேளுங்கள், அதன் ருசி பிடிபட்ட பிறகு செலரி குராதோவைக் கேளுங்கள். உள்ளூர்க்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கலாம், செலவும் சில பத்து பேசோக்களில் முடிந்துவிடும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விளம்பரம், ரசீது, வேனின் எண், நின்ற இடத்தின் படம் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ப்ரொஃபெக்கோ வெளிநாட்டவரின் புகாரையும் வாங்கிக்கொள்கிறது. நான் அங்கே கொடுத்திருக்கிறேன். பெரியம்மாவின் வளையலுக்குக் கட்டிய தொகையை அவருடைய வங்கி விசாரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பயணக் கட்டணம் குறித்த புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.