மலையில் கேம்பர் வேன்: குளிரை விட ஈரம்தான் கவலை

சரக்கு வேனைத் தங்கும் வண்டியாக மாற்ற நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, நீலகிரிக் குளிருக்கு அது தாங்குமா என்பதுதான். குளிர் பெரிய சங்கதியே இல்லை, ஆளுக்கு ஒரு நல்ல கம்பளி போதும். அப்படி மாற்றிய வேன் ஒன்றைக் கோத்தகிரியில் வைத்துக்கொண்டு, தென்மேற்குப் பருவமழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் பல ஆண்டுகள் ஓட்டி, படுத்து, சமைத்துப் பார்த்த பிறகு சொல்கிறேன்: மலையில் இந்த வண்டியைத் தின்பது ஈரம். எதை வாங்குவது, எதை எங்கே வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்ற முடிவுகளை ஈரத்தை நினைத்தே எடுக்க வேண்டும்.

எங்களுடையது பழைய போர்ஸ் டிராவலர் டெலிவரி வேன். முன்பு மேட்டுப்பாளையம் மண்டிக்கு மலைக் காய்கறி ஏற்றிய வண்டி. கூரை உயரமானது, நான் உள்ளே நிமிர்ந்து நிற்க முடிகிறது. எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்குப் போகிறது. கட்டிலும் பேட்டரியும் தண்ணீரும் பின்பாதியில் இருப்பதால், சாரலில் நனைந்த ஏற்றத்திலும் சக்கரம் சாலையைப் பிடித்துக்கொள்கிறது. மலையில் இருப்பவர்களுக்கு இது மிக நல்ல குணம்.

இனி ஈரம். இரண்டு பேர் ஓர் இரவு மூச்சு விட்டாலே ஏறக்குறைய அரை லிட்டர் நீர் உள்காற்றில் கலக்கிறது. வெளியே தகடு சில்லிட்டுக் கிடக்கும். விடியும்போது கூரையின் இரும்புச் சட்டங்கள் வியர்த்துச் சொட்டும். இது எல்லா ஊர்க் கேம்பர்களுக்கும் உள்ள தொல்லை. நம் மலைப்பாதைக்கென்று இன்னொன்றும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான். அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். கீழே அடைத்துக்கொண்ட வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலே வந்ததும் தகட்டில் நீராகப் படிகிறது. ஆளே படுக்காத வண்டியும் நனைகிறது! அதனால் சமவெளியிலிருந்து திரும்பும்போது வழியிலுள்ள குஞ்சப்பனை தாண்டியதும் ஜன்னல்களையும் கூரைத் துவாரத்தையும் திறந்து, உள்காற்றை முழுக்க மாற்றிக்கொண்டுதான் மேலே ஏறுகிறோம். செலவில்லாத இந்தப் பழக்கம் தந்த பலனை விலை கொடுத்து வாங்கிய எந்தப் பொருளும் தரவில்லை.

வெப்பத்தடுப்புக்குக் கண்ணாடிக் கம்பளி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். அது நீரைக் குடித்துவிட்டு வெளியே விடாது. தகடு உள்ளிருந்தே துருப்பிடிப்பது பல காலம் கண்ணுக்குத் தெரியாது. மூடிய துளைகள் கொண்ட நைட்ரைல் ரப்பர் விரிப்பைத் தகட்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்டினோம், சட்டங்களின் மேலும் சேர்த்து. இன்றுவரை கிளம்பவில்லை. அதே நேரத்தில் கதவுகளில் ஒட்டிய பளபளப்பான குமிழித் தாள் மேட்டுப்பாளையம் வெயிலில் பசை இளகித் தொங்கிவிட்டது. கடைக்காரர் கொடுத்த உத்தரவாதம் வாய்ச்சொல்லோடு சரி.

மெத்தையின் அடிப்பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பலகை மேல் மெத்தையை நேராகப் போட்டால் ஒரே மழைக்காலத்தில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்துவிடும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தில் மெல்லிய சட்டங்கள் அறுத்து, விரலிடை விட்டு அடித்து, அதன்மேல் தென்னைநார் மெத்தை போட்டிருக்கிறோம். அடியில் காற்று போய்வருகிறது. இலவம்பஞ்சு மெத்தை மீது என் மனைவிக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆனால் வெயில் காட்டவே வழியில்லாத ஆடி மாதத்து ஊட்டிப் பக்கத்தில் அது கட்டி கட்டியாகிவிடும்.

சமையலிலும் ஈரம்தான் கணக்கு. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கிறது. கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி தனி. அடுப்பைப் பக்கவாட்டுக் கதவருகே, இழுத்தால் வெளியே நீளும் பலகையில் வைத்திருக்கிறோம். கொட்டும் மழையில்கூடக் கதவின் மேல் தார்ப்பாய் கட்டி அங்கேதான் சமையல். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் காத்திருந்தால் எரிவாயுவும் போகும், வண்டிக்குள் ஆவியும் நிறையும். சின்ன பிரஷர் குக்கர் ஒன்று அவசியம்.

கேஸ் ஹீட்டரோ கரி அடுப்போ வண்டிக்குள் கூடவே கூடாது. மலையூர்களில் மூடிய அறைக்குள் கரி அனலை வைத்துத் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடால் இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. வேன் அந்த அறைகளை விடச் சிறியது. நாங்கள் பொருத்தியது டீசல் ஹீட்டர். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்து, புகையை வெளியிலேயே விட்டு, வறண்ட சூட்டை மட்டும் உள்ளே தருகிறது. துணி காய்வதும் அதனால்தான். காற்று மெலிந்த உயரத்தில் எரிபொருள் முழுதாக எரியாமல் கரி படிகிறது. உயரத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி தலைமாட்டில் இருக்கட்டும்.

மின்சாரத்துக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. பனிமூட்ட நாட்களில் கூரையில் உள்ள சோலார் பலகை பெயருக்குத்தான். மலைப்பாதையில் ஓடும்போது எஞ்சினிலிருந்து ஏறும் மின்சாரமே கை கொடுக்கிறது. இவ்வகைப் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. ஊட்டியை அடுத்த தலைக்குந்தாப் பக்கம் ஜனவரியில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் உறைபனியை அறிந்தவர்கள் பேட்டரியைத் தரைக்கு அடியில் தொங்கவிட மாட்டார்கள். எங்களுடையது கட்டிலுக்குக் கீழே, எங்களோடு கதகதப்பாக இருக்கிறது.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு முழுப் பலகை 35 கிலோவுக்கு மேல் வரும். அலமாரி, கட்டில், மேசை என்று அதிலேயே செய்தால் குன்னூர் இறக்கத்தின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்தான் அதற்கு வட்டி கட்டும். 12 மில்லிமீட்டருக்கு மேல் நாங்கள் எதையும் பயன்படுத்தவில்லை. தண்ணீரைக் கீழிருந்து சுமந்து வருவதில்லை, இறங்கும்முன் தொட்டியைக் காலி செய்துவிடுகிறோம். தாழ்ந்த கியரில் இறங்கினால் பிரேக் காய்வதில்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை நம் விருப்பத்துக்குத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இப்படித் தங்கும் வசதி கொண்ட வண்டிக்கு, அதாவது மோட்டார் கேரவனுக்கு, ஏஐஎஸ் 124 என்று தனித் தரநிலை இருக்கிறது. ஜன்னலுக்காகத் தகட்டை வெட்டும் முன்பே வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். தச்சு வேலையை விட இதற்குத்தான் அதிக நாள் ஆயிற்று. பதிவுச் சான்றிதழில் வகை மாறாத வண்டிக்குக் காப்பீடு கிடைக்காமல் போகலாம் என்பதால் அந்த நாட்கள் வீணல்ல. வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மைசூர் வழியிலுள்ள பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். முன்பெல்லாம் மைசூரிலிருந்து திரும்பும்போது அந்த நேரத்தைப் பிடிக்கப் பதைபதைத்து ஓட்டுவேன். இப்போது காட்டுக்கு முன்னால் வரும் குண்டலுப்பேட்டையிலேயே நிறுத்தி, சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறோம். இந்த வண்டி தந்த நிம்மதிகளில் இதுவே எனக்குப் பெரியது.

காட்டோரத்தில் இரவு நிறுத்துவது மட்டும் வேண்டாம். அனுமதியும் இல்லை, அறிவுமில்லை. தெரிந்தவர்களின் தோட்டத்தில், அல்லது ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் கேட்டுவிட்டு நிறுத்துகிறோம். கேட்டால் மறுத்தவர்கள் குறைவு, தேநீர் தராதவர்கள் யாருமே இல்லை. அங்கும் கரடி வரும். கோவில் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்கே கதவை உடைக்கும் கரடிக்கு வேன் கதவு எம்மாத்திரம்? எண்ணெய்ப் பாத்திரத்தை இறுக மூடி உள்ளே வைத்து, தட்டுகளை வெளிச்சம் இருக்கும்போதே கழுவி, அழுக்கு நீரை ஓடையில் விடாமல் கேனில் பிடித்துக்கொள்கிறோம். குஞ்சப்பனையில் பலா பழுக்கும் காலத்தில் யானைகள் சாலையோரமே நிற்கும். அப்போது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பலாப்பழம் வாங்கி வண்டிக்குள் வைக்காதீர்கள்.