ரோ குய்யா, ஷுய் ஷியானா?

சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் உள்ள வூயி மலையில், பாறை இடுக்குகளில் வளரும் செடிகளின் இலையைக் கரி நெருப்பில் வறுத்து எடுக்கும் ஊலாங் வகைத் தேநீருக்கு (பச்சைத் தேநீருக்கும் கறுப்புத் தேநீருக்கும் இடைப்பட்டது) 'யான்சா', அதாவது பாறைத் தேநீர், என்று பெயர். அதில் அதிகம் கண்ணில் படுபவை ரோ குய்யும் ஷுய் ஷியானும். "மணத்துக்கு ரோ குய், பதத்துக்கு ஷுய் ஷியான்" என்ற பொருளில் அந்த ஊரில் ஒரு வழக்கு உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துக் குடித்தால் அது எவ்வளவு சரி என்று தெரியும்.

நான் இரண்டுக்கும் ஒரே அளவுதான் வைத்தேன். 110 மில்லி பிடிக்கும் மூடி போட்ட கைவான் கோப்பை, 8 கிராம் இலை, தளதளவென்று கொதிக்கும் தண்ணீர். ஆறின தண்ணீர் ஊற்றினால் வறுத்த இலை வாயே திறக்காது. இன்னொன்று, வறுத்த கையோடு குடித்தால் நெருப்பு வாசனைதான் முன்னால் நிற்கும். சில மாதம் விட்டுவைத்து, சூடு அடங்கியபின் பிரிப்பது நல்லது.

ரோ குய் என்றாலே சீன மொழியில் பட்டைதான். முதல் தண்ணீரை வடித்துவிட்டு மூடியை மூக்கருகே கொண்டுபோனால், பேருக்கேற்ற காரமான வாசனை ஏறும். நாக்கின் ஓரத்தைச் சுரீரென்று பிடிக்கும் துவர்ப்பு, விழுங்கியதும் நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததுபோல தொண்டையில் தித்திப்பாகத் திரும்பும். இதற்காகவே ரோ குய் குடிக்கலாம். ஆனால் 10 விநாடியில் வடித்தாக வேண்டும். ஒருமுறை போன் பேசிக்கொண்டே அரை நிமிடம் விட்டுவிட்டேன், கசப்பு மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது. வூயி மலையின் நியூலான்கெங் பள்ளத்தாக்கில் விளையும் ரோ குய்க்கு விலையும் மிக அதிகம்.

ஷுய் ஷியான் முதல் சுற்றில் (அதே இலையில் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றி வடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று) சாதுவாக இருக்கும். அப்புறம்தான் வழவழப்பு தெரியும்: கஞ்சித் தெளிவு போல நாக்கில் கனமாக இறங்கும். வயதான செடியின் இலையென்றால், மழை விட்டதும் பாசி பிடித்த மரத்தடியில் வரும் ஈர வாசனையும் சேரும். அரை நிமிடம் கூடுதலாக ஊறினாலும் கோபித்துக்கொள்ளாது.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு ஷுய் ஷியானைத்தான் சொல்வேன். எனக்கும் தினசரிக்கு அதுதான். வேறு வேலை எதுவும் இல்லாத காலை நேரத்தில் மட்டும் ரோ குய். எட்டாவது சுற்றில் ரோ குய் வெறும் தண்ணீராகிவிட்டது. ஷுய் ஷியான் இலையை மட்டும் பாத்திரத்தில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டேன், மர வாசனையோடு இன்னும் இரண்டு கோப்பை தித்திப்பாக வந்தது.