மறுவாசிப்பில் தாங்கும் தொடர்கள், தாங்காத தொடர்கள்: இளையோர் ஃபேண்டஸி, சயின்ஸ் ஃபிக்‌ஷன்

இளையோருக்கான ஃபேண்டஸித் தொடர் எதுவானாலும் முதல் தடவை படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். அடுத்து என்ன ஆகுமோ என்ற பதற்றமே பக்கங்களைத் தள்ளிவிடும். சரக்கு எவ்வளவு என்று தெரிவது இரண்டாம், மூன்றாம் வாசிப்பில்தான். முடிவு தெரிந்த பிறகும் ஒரு கதை உட்காரவைத்துப் படிக்கவைக்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் அந்த உலகத்தில் எதுவும் இனாமாகக் கிடைப்பதில்லை என்று பொருள். மந்திரம், கருவி, அதிகாரம் எல்லாவற்றுக்கும் ஒரு விலை இருக்கும். அந்த விலையை எழுத்தாளர் கடைசிவரை விடாமல் வசூலித்திருப்பார். அந்த அளவுகோலை வைத்துத்தான் இங்கே எடைபோட்டிருக்கிறேன். முடிவுகளைச் சொல்லவில்லை, இடையில் வரும் சில விவரங்கள் மட்டும் வெளிப்படும்.

சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ (2008–2010) இந்தச் சோதனையில் எளிதாகத் தேறுகிறது. ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டத்திலும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் குலுக்கலில் எடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை நடக்கும் கொலைப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். 12 வயதில் ஒரு சீட்டு, 13 வயதில் இரண்டு என்று பெயர் ஏறிக்கொண்டே போகும். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் கூடுதல் சீட்டுப் போடலாம். ஒரு சீட்டுக்கு ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் கிடைக்கும், அதுவும் அரைவயிற்றுக்குத்தான். நாயகியான 16 வயது காட்னிஸின் பெயர் 20 தடவையும், அவள் நண்பனான 18 வயது கேலின் பெயர் 42 தடவையும் இருப்பதாகப் போகிற போக்கில் ஒரு தகவல் வருகிறது.

முதல் வாசிப்பில் இவை வெறும் எண்கள். மறுமுறை படிக்கும்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். காட்னிஸ் வீட்டில் 3 பேர். கூடுதல் சீட்டு 3, கட்டாயச் சீட்டு 1, ஆக ஆண்டுக்கு 4. ஐந்து ஆண்டுகளுக்கு 20. கேல் வீட்டில் 5 பேர், ஆண்டுக்கு 6 சீட்டு, ஏழு ஆண்டுகளுக்கு 42. ஒரு சீட்டுகூடப் பிசகவில்லை. கூடுதல் சீட்டே போடத் தேவையில்லாத மேயரின் மகளுக்கு அதே 16 வயதில் 5 சீட்டுதான். கேல் அவளிடம் ஏன் அப்படி எரிந்துவிழுகிறான் என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். குலுக்கல் எல்லோருக்கும் பொது என்கிற ஏற்பாட்டுக்குள் ஏழைப் பிள்ளை எப்படி முன்வரிசையில் நிறுத்தப்படுகிறது என்பதை இத்தனை சிக்கனமாகச் சொன்ன இளையோர் நாவல் எனக்குத் தெரிந்து இன்னொன்று இல்லை.

இந்தத் தொடரை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாம் பாகம் நடுவழியில் அறுந்து நிற்கும், மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதைத் தொடங்க வேண்டும். மூன்றாவது பலருக்குப் பிடிப்பதில்லை. காட்னிஸ் ஓய்ந்துபோய்ப் பாதிப் புத்தகம் மருத்துவமனையிலும் நிலவறையிலும் கிடக்கிறாள் என்பது குறை. முந்தைய இரண்டு பாகங்களில் அவள் பட்டதற்கெல்லாம் அங்கேதான் விலை கட்டப்படுகிறது, அதனால் அது அப்படித்தான் இருக்க முடியும் என்பது என் கட்சி. முன்கதைகளாக 2020லும் 2025லும் வந்த இரண்டையும் கால வரிசைப்படி முதலில் படிக்காதீர்கள். 2020இல் வந்தது மூலக் கதைக்கு 64 ஆண்டு முன்னால் நடக்கிறது. அதில் வரும் இளைஞன் பின்னால் யாராகப் போகிறான் என்று தெரிந்திருந்தால்தான் அவனுடைய ஒவ்வொரு நல்ல செயலும் நெருடும்.

மந்திரத்துக்கு விலை என்றால் கார்த் நிக்ஸின் ‘சப்ரியல்’ (1995). செத்தும் அடங்காதவற்றைத் திருப்பி அனுப்ப ஏழு மணிகள். சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக, மார்பின் குறுக்கே போடும் வாரில், ஒவ்வொன்றும் தனி உறையில், நாக்கு அசையாதபடி இறுக்கி வைக்கப்பட்டிருக்கும். முதல் மணி ரன்னா தூங்கவைக்கும். இரண்டாவது மொஸ்ரேல் செத்ததை எழுப்பும், ஆனால் அந்தப் பக்கம் ஒன்று எழும்போது அடிப்பவரை மரணத்துக்குள் இழுத்துவிடும், கிணற்று ஏற்றம்போல. மூன்றாவது கிபெத் நடக்கவைக்கும். அசட்டையாக அடித்தால் அடித்தவரையே நடத்திக்கொண்டு போய்விடும். ஆறாவது சரனெத் கட்டிப்போடும். ஏழாவது அஸ்தரேலின் ஓசையைக் கேட்ட அத்தனை பேரும் மரணத்துக்குள் போவார்கள், அடித்தவரும் சேர்த்து.

விதிகளை இப்படி முன்கூட்டியே விரித்து வைத்துவிட்டதால் நாயகி சப்ரியலின் கை எந்த உறையைத் தொடுகிறது என்பதே திகிலாகிவிடுகிறது. விளைவு தெரிந்திருந்தால் அந்தத் திகில் கூடத்தான் செய்கிறது. ‘சப்ரியல்’ தனியாகவே நிறைவான கதை, அதோடு நிறுத்தலாம். அடுத்த இரண்டும் (2001, 2003) உண்மையில் ஒரே நாவலை இரண்டாக வெட்டியவை, சேர்த்தே வாங்குங்கள்.

கிறிஸ்டோபர் பாவ்லினியின் ‘எராகன்’ தொடரிலும் விதி அருமையானது. ஒரு வேலையைக் கையால் செய்ய எவ்வளவு தெம்பு செலவாகுமோ, மந்திரத்தால் செய்யவும் அவ்வளவு ஆகும். தாங்காவிட்டால் உயிர் போகும். மந்திர மொழியில் இலக்கணப் பிழைக்கும் தண்டனை உண்டு. ஒரு கைக்குழந்தையை ‘கேட்டிலிருந்து காக்கப்படுவாயாக’ என்று வாழ்த்த நினைக்கும் எராகன், ஒரு விகுதி தவறி ‘கேட்டுக்குக் கேடயமாக இருப்பாயாக’ என்று சொல்லிவிடுகிறான். அந்தக் குழந்தை மற்றவர்களின் துன்பத்தையெல்லாம் தன்மேல் வாங்கியே தீர வேண்டியதாகிறது. தொடரிலேயே ஆகச் சிறந்த கற்பனை இதுதான். கெட்டுப்போவது பின்பாதியில். ரத்தினக் கற்களில் சக்தியைச் சேமிக்கலாம் என்று ஒரு வழி திறக்கிறது, பிறகு இன்னும் பெரிய சேமிப்பு ஒன்று வருகிறது. கடன் வாங்கிச் செலவழிக்க முடிந்ததும் பழைய பயம் போய்விடுகிறது. மூன்று புத்தகமாகத் திட்டமிட்டது நான்கானதால் (2003–2011) மூன்றாவதில் வழிநடையும் ஆலோசனைக் கூட்டமும் அதிகம். மறுவாசிப்பில் அங்கே தாண்டித் தாண்டிப் போவதில் தவறில்லை.

வெரோனிகா ராத்தின் ‘டைவர்ஜென்ட்’ (2011–2013) தாங்காத பட்டியலில் வருகிறது. 16 வயதில் ஐந்து குழுக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறந்த குழுவை விட்டால் குடும்பமும் போயிற்று. முதல் பாகம் இந்த வேதனையில்தான் நிற்கிறது. மூன்றாம் பாகம் அந்த ஏற்பாடு ஏன் வந்தது என்று மரபணுக் கணக்கில் விளக்கப் போய், தேர்வின் கனத்தைக் கரைத்துவிடுகிறது. முதல் இரண்டிலும் நாயகி ட்ரிஸ் மட்டுமே கதை சொல்கிறாள். மூன்றாவதில் அவள் காதலன் டோபியாஸும் மாறி மாறிச் சொல்கிறான். இருவர் குரலும் ஒன்றுபோல இருப்பதால் யார் பேசுகிறார்கள் என்று அத்தியாயத் தலைப்பைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் பாகத்தோடு நிறுத்தினால் நல்ல நினைவாக மிஞ்சும்.

‘ஹாரி பாட்டர்’ விஷயத்தில் விதிக்கு ஒட்டுப் போட்ட இடம் அப்பட்டமாகத் தெரியும். 3ஆம் பாகத்தில், கூடுதல் வகுப்புகளுக்குப் போக ஒரு மாணவிக்குக் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் கருவியைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி ஒன்று இருக்கும்போது அதற்குப் பிந்தைய எந்தச் சாவையும் ஏன் தடுக்கக் கூடாது? 5ஆம் பாகச் சண்டையில் அலமாரியோடு அத்தனையும் நொறுங்கின என்று ஒதுக்கிவிடுகிறார் ரௌலிங். மறுவாசிப்பில் உறுத்தத்தான் செய்கிறது, ஆனாலும் பள்ளியின் அன்றாடம் அதை மறக்கடித்துவிடுகிறது. நடைமுறைச் சிக்கல் பருமன்தான். பிரிட்டிஷ் பதிப்பில் முதல் பாகம் 223 பக்கம், ஐந்தாவது 766. முதலாவதை நான்கு நாளில் முடித்த சிறுவர்கள் ஐந்தாவதில் படுத்துவிடுவது இயல்பு. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே இடைவெளி விடுவது நல்லது.

‘நார்னியா’ வாங்குபவர்கள் உறையில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். இப்போதைய பதிப்புகளில் கதையின் கால வரிசைப்படி எண் போட்டிருப்பதால், ஆறாவதாக வெளிவந்த (1955) புத்தகம் முதலில் நிற்கிறது. 1950இல் வந்த முதல் கதையில் லூசி அலமாரிக்குள் நுழைந்து நடக்கிறாள். பனி கொட்டும் காட்டின் நடுவே ஒரு தெருவிளக்குக் கம்பம் எரிந்துகொண்டிருக்கிறது. இங்கே ஏன் ஒரு விளக்கு என்ற அந்த வியப்புதான் நார்னியாவின் வாசல். அந்த விளக்கு முளைத்த கதையைச் சொல்லும் 1955 புத்தகத்தை முன்பே படித்துவிட்டால் வாசல் மூடிவிடும்.

படிக்கும் கருவியும் கணக்கில் வர வேண்டும். பேட்ரிக் நெஸ்ஸின் ‘கேயாஸ் வாக்கிங்’ (2008–2010) தொடரில் ஆண்களின் எண்ணமெல்லாம் ஓசையாக வெளியே கேட்கும். அந்த இரைச்சல் பக்கத்தில் கோணல்மாணலாக, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகியிருக்கிறது. சிறிய திரையில் அந்த விளைவு பாதி போய்விடும், ஒலிநூலில் அறவே இல்லை. அச்சில் படியுங்கள். ஜானதன் ஸ்ட்ரௌடின் ‘பார்டிமேயஸ்’ தொடரில் அடிக்குறிப்புகளில்தான் பூதத்தின் முழு வாய்த்துடுக்கும் இருக்கிறது. மின்னூலில் குறிப்புகள் அத்தியாயக் கடைசிக்குப் போய்விட்டால் தாவித் திரும்புவதிலேயே நகைச்சுவை செத்துவிடும். மாதிரிப் பக்கங்களை இறக்கி, குறிப்பைத் தட்டினால் அதே பக்கத்தில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

புதிய தொடர் எதையாவது சோதிக்க வேண்டுமானால் முதல் 100 பக்கத்தில் நாயகனோ நாயகியோ தன் சக்தியைப் பயன்படுத்தும் இடத்தைத் தேடுங்கள். அதன் பிறகு அவர்களிடம் ஏதாவது குறைந்திருக்கிறதா? களைப்பு, காயம், ஒரு உறவு, ஏதோ ஒன்று? பத்துப் பக்கம் தாண்டியும் குறையவில்லை என்றால் மூன்றாம் பாகத்தில் ஆசிரியர் தடுமாறுவார் என்று எதிர்பார்க்கலாம்.

எர்சுலா லெ குவினின் ‘எர்த்சீ’யில் இந்த விலை கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் இருக்கிறது. ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு காயலாம், ஆகவே தேர்ந்த மந்திரவாதி மந்திரத்தைத் தொடவே யோசிப்பான். முதல் மூன்றும் (1968, 1971, 1972) சின்னப் புத்தகங்கள், ஒரு மூச்சில் படிக்கலாம். நான்காவது ‘டெஹானு’ 18 ஆண்டு கழித்து 1990இல் வந்தது. இரண்டாவதில் சிறுமியாக இருந்த டெனார் இதில் நடுவயது விதவை, வீட்டு வேலையும் வளர்ப்புப் பிள்ளையுமாக இருக்கிறாள். மூன்றாவதை முடித்த கையோடு எடுத்தால் பலருக்கு ஏமாற்றமாகவே இருக்கும், சில ஆண்டுகள் விட்டுத் தொடங்குங்கள். 2001இல் வந்த இரண்டில் சிறுகதைத் தொகுப்பை முதலில் படிக்க வேண்டும். அதன் கடைசிக் கதையான ‘டிராகன்ஃபிளை’ படிக்காமல் ‘தி அதர் விண்ட்’ நாவலுக்குள் போனால், அதில் வரும் ஒரு பெண் யார், மற்றவர்கள் ஏன் அவளை அப்படி மரியாதையோடு பார்க்கிறார்கள் என்பது பிடிபடாது.