யூராக்ஸஸ்: போஸ்ட்டாக் தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய தளம்

பி.எச்டி முடித்துவிட்டு ஐரோப்பாவில் போஸ்ட்டாக், அதாவது பி.எச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணியோ ஃபெல்லோஷிப்போ தேடுகிறேன் என்று யார் கேட்டாலும், முதலில் யூராக்ஸஸில் ஒரு கணக்கு தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆய்வு வேலைகளையும் ஃபெல்லோஷிப்களையும் தேட ஐரோப்பிய ஆணையம் நடத்தும் தளம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. கட்டணத்தை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டு ஃபெல்லோஷிப்புக்கு வழிகாட்டுகிறோம் என்ற ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் 12,000 ரூபாய் கட்டினேன். இரண்டு மாதம் இழுத்தடித்து அவர்கள் அனுப்பிய எக்செல் பட்டியலில் பாதி இடங்களுக்குக் கடைசித் தேதியே முடிந்திருந்தது, மீதி அத்தனையும் இந்தத் தளத்தில் இலவசமாக இருந்தவை. உதவித்தொகையில் மிச்சம் பிடித்த காசு அது, இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, தளத்துக்கு வருவோம். 'ரிசர்ச் ஃபெல்லோ' என்று மட்டும் அடித்துத் தேடினால் பல வேலைகள் கண்ணிலேயே படாது, ஏனென்றால் ஒரே வேலைக்கு நாட்டுக்கு ஒரு பெயர். அயர்லாந்தில் ரிசர்ச் ஃபெல்லோ என்பதை ஸ்வீடனில் போஸ்ட்டாக் என்பார்கள், ஜெர்மனியில் விஸ்ஸன்ஷாஃப்ட்லிஷர் மிட்டார்பைட்டர் என்று வரும். அதனால் பெயரை விட்டுவிட்டு ஆய்வாளர் நிலையை வைத்து வடிகட்டுங்கள். ஆர்1 என்பது பி.எச்டி செய்துகொண்டிருப்பவர்களுக்கு, ஆர்2 முடித்தவர்களுக்கு, ஆர்3, ஆர்4 மூத்தவர்களுக்கு. நமக்கு ஆர்2. அப்புறம் ஜெர்மன் விளம்பரங்களில் 'இ13, 65%' என்று இருந்தால், இ13 என்ற சம்பளப் படிநிலையின் முழுச் சம்பளத்தில் 65 சதவீதம்தான் தருவார்கள் என்று அர்த்தம், அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எனக்கு அதிகம் உதவியது ஹோஸ்டிங் பகுதிதான், அதாவது ஆய்வாளர்களை ஏற்றுக்கொள்ள முன்வருபவர்களின் அறிவிப்புகள் இருக்கும் பகுதி. ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்குத் தனியாளாக விண்ணப்பிக்க முடியாது, உங்களை ஏற்றுக்கொள்ள அங்கே ஒரு நிறுவனமும் பேராசிரியரும் வேண்டும். எந்த நாட்டுக்காரரும் போடலாம், ஆனால் விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் போகப்போகும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது. முன்பின் தெரியாத பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பது எவ்வளவு வேதனை என்று செய்தவர்களுக்குத் தெரியும். இங்கே 'இந்தத் துறையில் ஆள் வந்தால் ஏற்றுக்கொள்கிறேன்' என்று அவர்களே முன்வந்து அறிவிக்கிறார்கள், அப்படி எழுதியவருக்கு அனுப்பினால் பதில் வருகிறது! எனக்கு நான்கு பேரில் மூன்று பேர் பதில் போட்டார்கள், ஒருவர் என் திட்டவரைவை வரிக்கு வரி திருத்தியும் கொடுத்தார்.

குறை என்றால், இது தேடும் இடம் மட்டும்தான். பெரும்பாலும் விண்ணப்பத்தை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் போய்த்தான் போட வேண்டும், ஒவ்வொன்றிலும் சுயவிவரத்தை மறுபடி மறுபடி தட்ட வேண்டியிருக்கும். விளம்பரத்தை எழுதுவதும் பல்கலைக்கழகங்களே என்பதால் ஒன்றில் சம்பளம் முதல் விசா உதவி வரை விவரமாக இருக்கும், இன்னொன்றில் நான்கு வரிதான். இத்தாலி, போர்ச்சுகல் அறிவிப்புகளில் சிலவற்றுக்கு முழு விதிமுறை அவர்கள் மொழியில்தான் கிடைக்கும், மொழிபெயர்த்துப் படித்துவிட்டே அனுப்புங்கள்.

மேரி கியூரிக்குக் கடைசி நாள் வழக்கமாக செப்டம்பரில் வரும், பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை 5 மணி, நமக்கு இரவு 8.30. பேராசிரியரைத் தேடுவதை ஏப்ரலிலேயே தொடங்கிவிடுங்கள், ஆகஸ்டில் அங்கே பாதிப் பேர் விடுமுறையில் போய்விடுவார்கள்.