தாந்தே அலிகியேரியும் விரிபுஸ் உனிட்டிஸும்: ஏட்ரியாட்டிக்கின் இரு போர்க்கப்பல்கள்

முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் இத்தாலியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் முக்கூட்டு உடன்படிக்கையால் நட்பு நாடுகளாக இருந்தன. ஆயினும் கடற்படையைப் பொறுத்தவரை ஒன்று மற்றொன்றை மனத்தில் வைத்தே கப்பல் கட்டியது. அந்தப் போட்டியில் பிறந்த இரு கப்பல்களும் பன்னிரண்டு 305 மி.மீ. பீரங்கிகளை, மேடைக்கு மூன்றாக, நான்கு சுழல் மேடைகளில் ஏந்தியவை. 1909 ஜூனில் காஸ்டெல்லாமாரே டி ஸ்டாபியாவில் கட்டத் தொடங்கப்பட்ட இத்தாலியின் தாந்தே அலிகியேரி 1913 ஜனவரியில்தான் பணியில் சேர்ந்தது. ஓராண்டுக்கும் மேல் பிந்தி, 1910 ஜூலையில் திரியெஸ்தேயில் தொடங்கப்பட்ட ஆஸ்திரியா-ஹங்கேரியின் விரிபுஸ் உனிட்டிஸ் 1912 டிசம்பரிலேயே பணிக்கு வந்து அதை முந்திக்கொண்டது.

பீரங்கிகளின் எண்ணிக்கை ஒன்றே என்றாலும், அவற்றை வைத்த முறையில்தான் இரு நாட்டுச் சிந்தனையும் பிரிகிறது. ஒரே அளவிலான பெரும் பீரங்கிகளை ஏந்திய, வேகமான போர்க்கப்பலே எதிர்காலம் என்று 1903-லேயே எழுதிய இத்தாலியக் கடற்படைப் பொறியாளர் விட்டோரியோ குனிபெர்ட்டியின் கருத்துகளைத் தழுவி, தாந்தேயை எதுவார்தோ மாஸ்டியா வடிவமைத்தார். முன்னே ஒன்று, நடுவில் இரண்டு, பின்னே ஒன்று என நான்கு மேடைகளும் கப்பலின் நடுக்கோட்டில் ஒரே மட்டத்தில் அமைந்தன. பக்கவாட்டில் பன்னிரண்டு பீரங்கிகளும் சுடலாம். நேர் முன்னே சுட மூன்றே மூன்று. சீக்ஃபிரீட் பாப்பர் வடிவமைத்த ஆஸ்திரியக் கப்பலிலோ முன்னும் பின்னும் ஒரு மேடைக்கு மேல் மற்றொன்று உயர்த்தி வைக்கப்பட்டதால், பக்கவாட்டு வலிமை குறையாமலே முன்னோக்கி ஆறு, பின்னோக்கி ஆறு பீரங்கிகள் கிடைத்தன. இந்த ஒன்றில் பாப்பரின் தீர்வே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. இத்தாலியர்களே அடுத்த கோந்தே டி காவூர் வகுப்பில் முன்னும் பின்னும் உயர்த்திய மேடைகளைச் சேர்த்துக்கொண்டதை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

ஆனால் அந்த மேன்மைக்கு ஒரு விலை இருந்தது. தாந்தேயின் நீளம் சுமார் 168 மீட்டர். விரிபுஸ் உனிட்டிஸின் நீளம் 152 மீட்டர்தான். இரண்டின் எடையும் சுமார் 20,000 டன் என்னும் அளவிலேயே இருக்க, உயரத்தில் அமர்ந்த கனமான மேடைகளையும் 280 மி.மீ. பக்கக் கவசத்தையும் ஆஸ்திரியக் கப்பல் நீளம் குறைந்த ஓர் உடலுக்குள் சுமந்தது. தாந்தேயின் கவசம் 254 மி.மீ. என்றாலும், அதன் வேகம் ஏறத்தாழ 23 நாட் (மணிக்கு 23 கடல் மைல்). மற்றதன் வேகம் 20 நாட்டுக்குச் சற்றே கூடுதல். சிறு பீரங்கிகளில், இத்தாலியக் கப்பலின் இருபது 120 மி.மீ. பீரங்கிகளைவிட எதிரியின் பன்னிரண்டு 150 மி.மீ. பீரங்கிகள் கனத்தவை.

போரில் இரு கப்பல்களும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. தாந்தே பெரும்பாலும் துறைமுகத்தில் காத்திருந்தது. 1918 அக்டோபரில் அல்பேனியாவின் துராசோ துறைமுகத்தின் மீதான தாக்குதலுக்குக் காவலாகச் சென்றபோதும் பகைக் கப்பல் எதுவும் அதன் சுடுதொலைவுக்குள் வரவில்லை. 1923-இல் சீரமைக்கப்பட்டு, 1928-இல் படைப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. குறுகிய ஏட்ரியாட்டிக் கடலில் கண்ணிவெடிக்கும் நீர்மூழ்கிக்கும் அஞ்சிப் பெரிய கப்பல்களை ஒதுக்கி வைத்த நிலையில், அத்தனை வேகமும் பயன்படாமலே போனது.

பாப்பரின் வடிவமைப்பிலிருந்த பலவீனம் நீர்மட்டத்துக்குக் கீழே வெளிப்பட்டது. அதே வகுப்பைச் சேர்ந்த செண்ட் இஷ்ட்வான், 1918 ஜூன் 10 விடியலில் இத்தாலியரான லுயிஜி ரிட்ஸோவின் சிறு படகு எய்த இரண்டு டார்பிடோக்களால் தாக்கப்பட்டு, மூன்று மணி நேரத்துக்குள் கவிழ்ந்தது. நவம்பர் 1 அன்று போலா துறைமுகத்தில் இத்தாலியர்களான ரஃபாயேலே ரோசெட்டியும் ரஃபாயேலே பாவோலுச்சியும் விரிபுஸ் உனிட்டிஸின் அடியில் வெடிகுண்டைப் பொருத்தினர். அதற்கு முந்தைய நாளே கப்பல், ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து பிரிந்துகொண்டிருந்த தென் ஸ்லாவியரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்ததை இருவரும் அறியவில்லை. பிடிபட்ட பின் அவர்கள் எச்சரித்தும், வெடிப்பு தாமதமானதால் மாலுமிகள் சிலர் கப்பலுக்குத் திரும்பினர். அது கவிழ்ந்தபோது தளபதி யான்கோ வுகோவிச்சும் உயிரிழந்தார். தாந்தேயின் அடிப்பகுதி இத்தகைய அடியை ஒருபோதும் வாங்கவில்லை. ஆகவே பீரங்கி அமைப்புக்குப் பாப்பரையும், உடலமைப்புக்கு மாஸ்டியாவையும் நான் தேர்ந்தாலும், இரண்டாவது தேர்வு வரைபடத்தை மட்டுமே நம்பியது.