ஏர்பிரஷ்ஷா, கம்ப்ரஸரா: சென்னையில் காசை எதில் போடுவது?

போன நவம்பரில் அசலில் 48-ல் ஒரு பங்கு அளவுள்ள ஒரு ஸ்பிட்ஃபயர் பிளாஸ்டிக் மாடல் விமானத்தின் இறக்கைக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தேன், முக்கால்வாசி முடிந்த நேரத்தில், காற்றால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ் சிர்ரென்று ஒரு துப்பு துப்பியது, பார்த்தால் பெயிண்ட் இல்லை, தண்ணீர். இரண்டு நாள் வேலை ஒரு நொடியில் போச்சு. கையில் இருந்தது அருமையான ஜப்பான் ஏர்பிரஷ். பின்னால் காற்று கொடுத்துக்கொண்டிருந்ததோ டேங்க் இல்லாத ஒரு குட்டி கம்ப்ரஸர். புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் எந்த ஏர்பிரஷ் வாங்கலாம் என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது கம்ப்ரஸரை.

காரணம் எளிமையானது. காற்றை, வெளியழுத்தத்துக்கு மேல் 3 பாருக்கு (பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தினால் அது நாலில் ஒரு பங்கு இடத்துக்குள் சுருங்குகிறது, அதில் இருக்கும் ஈரமும் கூடவே நெருங்குகிறது. வெளியே ஈரப்பதம் 25 சதவீதத்தைத் தாண்டினாலே போதும், அழுத்திய காற்று ஆறியதும் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். சென்னையில் நாம் 25 சதவீதத்தை எங்கே பார்த்தோம்? அக்னி நட்சத்திரத்திலேயே சாயங்காலம் கடல்காற்று வந்தால் பனியன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது.

டேங்க் இல்லாத கம்ப்ரஸரில் சூடான காற்று நேராக ஹோஸுக்குள் போகிறது, அங்கேதான் ஆறுகிறது, அங்கேதான் நீராகிறது. அடுத்து அந்த நீருக்கு உங்கள் இறக்கையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. ஏ.எஸ்.186 என்ற பெயரில், ஏகப்பட்ட பிராண்டுகளின் ஸ்டிக்கரோடு கிடைக்கும் 3 லிட்டர் டேங்க் கம்ப்ரஸரில் காற்று டேங்கிலேயே ஓரளவு ஆறி, பாதித் தண்ணீரை அங்கேயே விட்டுவிடுகிறது. மீதியை ரெகுலேட்டரோடு வரும் மாய்ஸ்சர் ட்ராப் பிடிக்கும். மழைக்காலத்தில் அதுவும் போதாமல், ஏர்பிரஷ்ஷின் அடியிலேயே மாட்டும் சின்ன ட்ராப் ஒன்றையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். இன்னொரு லாபம், டேங்க் இருந்தால் காற்று விட்டு விட்டுத் துடிக்காது. 15 பி.எஸ்.ஐ.-யில் (சுமார் 1 பார்) மெல்லிய கோடு இழுக்கும்போது அந்தத் துடிப்பு அப்படியே கோட்டில் தெரியும். மோட்டாரும் 4 பாரில் தானாக நின்று, 3 பாருக்கு இறங்கினால்தான் மறுபடி ஓடும், அதனால் ரொம்பச் சூடாகாது.

சார்ஜ் போட்டு ஓட்டும், பேனா மாதிரி கையில் பிடிக்கும் குட்டி கம்ப்ரஸர் இப்போது எங்கே பார்த்தாலும் விற்கிறது. கேக்குக்கும் நகத்துக்கும் சரி. சிறிய பொம்மை உருவங்களுக்கு பிரைமர் அடிக்கலாம். ஒரு டாங்கி முழுக்க அடிக்க உட்கார்ந்தால் பாதியில் மூச்சு வாங்கும், கையும் வலிக்கும்.

பெயிண்டர்கள் வைத்திருக்கும் ஒரு எச்.பி., 24 லிட்டர் கம்ப்ரஸர் காற்றுக்குக் குறையே வைக்காது. ஆனால் நான் இருப்பது அபார்ட்மென்ட். நண்பரிடம் இரவல் வாங்கி ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டினேன், கீழ்வீட்டு மாமா மேலே வந்து, "என்னப்பா, கிரைண்டர் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். சத்தம் மட்டும்தான் கவலை என்றால் பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரை எடுத்துச் செய்துகொள்ளலாம், அது ஓடுவதே தெரியாது. என்ன, எண்ணெயும் காற்றோடு வரும், நல்ல ஃபில்டர் வேண்டும், பிரஷர் ஸ்விட்சும் சேஃப்டி வால்வும் இல்லாமல் டேங்க் மாட்டுவது வீட்டில் வெடிகுண்டு வைத்திருப்பது மாதிரி. வெல்டிங், ஃபிட்டிங் தெரிந்தவர் கூட இல்லையென்றால் இதை விட்டுவிடுங்கள்.

சரி, ஏர்பிரஷ். டபுள் ஆக்‌ஷன், மேலே கிண்ணம் இருக்கும் கிராவிட்டி ஃபீட், இதில் மட்டும் யோசிக்கவே வேண்டாம். டபுள் ஆக்‌ஷன் என்றால் ஒரே பட்டனைக் காற்றுக்கு அழுத்துவது, பெயிண்டுக்குப் பின்னால் இழுப்பது, இரண்டு வாரத்தில் விரல் பழகிவிடும். பட்டன் காற்றை மட்டும் திறக்கும் சிங்கிள் ஆக்‌ஷனில் பிரைமரும் வார்னிஷும் நன்றாகவே வரும், கையால் கேமோ (ராணுவ மறைப்பு வண்ணம்) போட ஆரம்பித்ததும் அது காலை வாரும்.

விலை குறைந்த சீன க்ளோன்கள் (நகல்கள்) பெட்டியைத் திறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். இரண்டு இடத்தில் கவனம். ஒன்று, பெயிண்ட் வெளியே வரும், திருகி மாட்டும் கடுகளவு நாசில், ஸ்பேனரைக் கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் மரை உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும், எனக்கு நின்றிருக்கிறது. இன்னொன்று உள்ளே இருக்கும் ரப்பர் வளையம், லாக்கர் தின்னர் பட்டால் ஊதிப்போகும். டெஃப்லான் வளையம் போட்டது கிடைத்தால் அதையே கேளுங்கள். ஆனாலும் பழகுவதற்கு க்ளோன் தவறில்லை என்பேன், நாசிலுக்குள் இருக்கும் ஊசியான நீடிலை வளைத்துப் பாடம் படிப்பது எப்படியும் நடக்கப் போகிறது, அதை மலிவான நீடிலில் படித்துவிடலாம்.

அடுத்த படியில் இவாட்டா நியோ, 0.35 மி.மீ. நாசில், தைவான் தயாரிப்பு. கிரியோஸ் ப்ரோகான் பாய் 0.3 மி.மீ., காற்றைக் கிண்ணத்துக்கு அடியிலேயே குறைக்கும் திருகு சில மாடல்களில் உண்டு, என் ஓட்டு இதற்கு. ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் எவல்யூஷனில் 0.2, 0.4 இரண்டும் சேர்ந்த செட் வருகிறது, நாசிலை ஸ்பேனர் இல்லாமல் கழற்றலாம், கழுவுவதற்கு இதை மிஞ்ச ஆளில்லை. பேட்ஜர் பேட்ரியாட் 0.5, பெரிய பரப்புக்கும் கெட்டியான வயெஹோ அக்ரிலிக்குக்கும் நல்லது. ஆனால் அதன் மரை வேறு, நம் ஊரில் கிடைக்கும் 1/8 அங்குல ஹோஸில் நேராக ஏறாது, அடாப்டரையும் சேர்த்தே வாங்குங்கள். அதற்காகப் பாரிமுனையில் ஒரு முழு சனிக்கிழமை அலைந்தவன் சொல்கிறேன்.

0.2 மி.மீ. ஆசை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். மே மாத வெயிலில், ஃபேன் ஓடும் அறையில், அக்ரிலிக் நீடில் முனையிலேயே காய்ந்து நிற்கும், நாசில் சிறிதாக ஆக இந்தத் தொல்லை அதிகம். 0.3 வாங்கி, தின்னரோடு இரண்டு சொட்டு ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) விட்டுப் பழகினால் 1/72 விமானத்தின் கேமோ ஓரம்கூட வரும்.

ஆக என் கணக்கில் முதலில் டேங்க் கம்ப்ரஸர், ட்ராப், ஒரு நல்ல ரெஸ்பிரேட்டர் மாஸ்க். மிச்சத்தில் க்ளோன். ஆறு மாதம் கழித்து ப்ரோகான். இவ்வளவு வாங்கியும் அடைமழை நாளில் லாக்கர் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தால் வெளுத்துத்தான் போகும், தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர வைத்து வெளி ஈரத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும், அதற்கு எந்த ட்ராப்பும் உதவாது. அந்த மாதிரி நாளில் நான் கம்ப்ரஸரைத் தொடுவதில்லை, டி-72 டாங்கி மாடலின் ட்ராக்கை ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக்கொண்டிருப்பேன்.